குஞ்சு நடக்கிறது: ஊராருக்கு ஒரு நன்றி மடல்

தாமான் குடியிருப்புச் சொந்தங்களுக்கும் பத்தாங் பெர்ஜுந்தை டவுன்காரர்களுக்கும் வணக்கம். (மலேசிய வரைபடத்தில் நம் ஊர்ப் பேரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு அது இன்னும் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் கோழிக்குஞ்சு நடக்கிறது. நேற்றுக் காலை பெட்டிக்குள் தானாகவே எழுந்து, தண்ணீர்த் தட்டுவரை போய்க் குடித்துவிட்டு, திரும்பியும் வந்தது. என் சின்னவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். அதிலிருந்து கோயிலிலும் கடையிலும் பார்க்கிறவர்கள் எல்லாரும் விசாரிக்கிறீர்கள். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

நடந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். முட்டையை விட்டு வெளியே வரும்போதே கால் இரண்டும் தவளை மாதிரி ஆளுக்கொரு பக்கம் விரிந்து கிடந்ததையும், தாய்க்கோழி அதைக் கொத்தித் தள்ளியதையும் வந்து பார்க்காதவர்கள் நம் வரிசையில் குறைவு. பிழைக்காது என்று சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தையல்கார அக்காவைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பேரை எழுதினால் கோபித்துக்கொள்வார். கடை எதுவென்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு என் வீட்டுக்காரியின் ரவிக்கையை எடுக்கத்தான் அங்கே போனேன். குஞ்சை வீட்டில் தனியாக விட மனமில்லாமல், மார்ஜரின் டப்பாவில் துண்டைப் போட்டு அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கடை வாசலில் ‘தீபாவளி ஆர்டர் முடிந்தது’ என்று அட்டை தொங்குகிறது. உள்ளே துணி மலையாகக் குவிந்திருக்கிறது. மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த ஓர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவிலிருந்து சத்தம் வந்ததும் அக்கா மிஷினை நிறுத்தினார்.

“என்னண்ணே அதுல?”

காட்டினேன். வெட்டு மேசையில் இறக்கிவிட்டதும் கால் இரண்டும் வழுக்கிக்கொண்டு விரிந்தன. ஐயோ பாவம் என்றோ, எப்படி ஆனது என்றோ அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: “இது உக்காரணுமா, நிக்கணுமா?”

பிளாஸ்டர் போட்டு இரண்டு காலையும் இடுப்பு அகலத்துக்கு இணைத்து வைத்திருக்கிறோம், ஆனாலும் உடம்பு பாரம் தாங்காமல் சரிந்துவிடுகிறது, பாதம் தரையைத் தொட வேண்டும், பாரம் மட்டும் காலில் இறங்கக் கூடாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். நாற்பது கிராம்கூடத் தேறாத உயிரின் மார்பையும், ஒரு காலுக்கும் மறு காலுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து, மற்ற அளவுகள் இருக்கும் அதே நோட்டில் எழுதிக்கொண்டார். சாட்டின் துண்டு ஒன்று கைக்கு வந்தது, அதை ஒதுக்கிவிட்டுப் பருத்தி லைனிங் துணியைத் தேடி எடுத்தார். காலுக்கு இரண்டு ஓட்டை, எச்சம் விழப் பின்னால் ஒன்று. மூன்றின் விளிம்பையும் உள்ளே மடித்துத் தைத்தார். “நூல் தொங்குச்சுன்னா விரல்ல சுத்திக்கும்ணே, அப்புறம் ரத்தம் ஓடாது.” நான்கு மூலையிலும் நாடா வைத்தார்.

நாற்காலியில் இருந்த அம்மா பெருமூச்சு விட்டார். “கொஞ்சம் இருங்கக்கா. இதுக்கு நாளைக்கு வான்னு சொல்ல முடியாதுல்ல” என்றார் இவர், குனிந்த தலை நிமிராமல்.

ரவிக்கைக் கூலியோடு பத்து வெள்ளி சேர்த்து நீட்டினேன். பத்து வெள்ளி அப்படியே என் கைக்குத் திரும்பி வந்தது.

அவர் தைத்த அந்தத் துணித் தொட்டிலைப் பழைய பிஸ்கட் டின்னின் விளிம்பில் துணிக் கிளிப்பால் மாட்டி, எதிரே தீனியும் தண்ணீரும் வைத்து, அவ்வப்போது கொஞ்ச நேரம் குஞ்சை அதில் தொங்கவிடுவோம். முதலில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு பாதத்தால் தரையைத் தேட ஆரம்பித்தது. அப்புறம் உந்தியது. பிறந்த முதல் சில நாட்களில் எலும்பும் தசைநாரும் இளசாக இருப்பதால்தான் இதெல்லாம் பலிக்கிறது. தள்ளிப்போட்டால் கால் அப்படியே இறுகிவிடும். அன்றைக்கே அவர் தைத்துக் கொடுத்ததன் அருமை எனக்குப் பிறகுதான் உறைத்தது.

குஞ்சு வளர வளரத் தொட்டில் இறுக்கமாகிவிட்டது. மறுபடியும் அவரிடம் போய் நிற்கக் கூச்சம். துணியைப் புரட்டிப் பார்த்தபோது பக்கவாட்டுத் தையலுக்குள் அரை அங்குலத் துணி மடித்துவிடப்பட்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டையில் விடுவார்களே, அதேதான். பிளேடால் நூலைப் பிரித்ததும் சரியாகப் பொருந்தியது. இந்த ஊரில் அந்தக் குஞ்சு வளரும் என்று கணக்குப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. கட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்த பெரியவருக்கும், செய்தித்தாளை எடுத்துவிட்டுத் துண்டை விரிக்கச் சொன்னவருக்கும் (காகிதம் வழுக்கும், கால் இன்னும் விரியும்), பழைய மஞ்சள் பல்பைத் தேடிக் கொடுத்தவருக்கும் நன்றி. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டுமாம், இப்போதைய எல்இடி பல்பு அதற்கு உதவாது. கரண்டு போன இரவில் போத்தலில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு வந்த இளைஞர்கள், செம்பனைக் காட்டோரம் கரையான் புற்றைத் தட்டிக் கொண்டுவந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று தன் குஞ்சு ஒன்றைத் துணைக்கு விட்டுச் சென்ற கடைசி வீட்டு மலாய்க்கார மக்சிக், எல்லாருக்கும் நன்றி. “ரெண்டு வெள்ளிக்கு வேற குஞ்சு கிடைக்கும்லா” என்ற தீவனக்கடை முதலாளி தவ்கேயும் குருணைத் தீனியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறந்துபோனார். மறதி என்றுதான் சொல்கிறார்.

தோட்டத்து லயன் வீட்டில் இருந்த காலத்தில் என் அம்மா நோஞ்சான் குஞ்சைக் கூடையில் போட்டு விறகடுப்புப் பக்கம் வைப்பார். விடியற்காலை ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் அவசரத்திலும் கூடையைத் திறந்து பார்க்காமல் கிளம்ப மாட்டார். ஒரு கோழிக்கு இவ்வளவா என்று என்னை யாரோ கேட்டபோது அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. அம்மாவிடம் யாரும் அப்படிக் கேட்டதாக நினைவில்லை.

வலது கால் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். சட்டிக்குப் போகாது, விற்கவும் மாட்டேன் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. சேவலாக வந்தால் விடியுமுன்னே கூவும், அக்கம்பக்கத்தார் இப்போதே மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

தொட்டிலைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். யார் வீட்டிலாவது இப்படிக் குஞ்சு பொரித்தால் வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள். புதிதாக ஒன்று கேட்டு அக்காவின் கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள், தீபாவளி முடியட்டும்.