எட்டாவது பீரோ

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் மாசியில் வந்தது. இப்போது ஆவணி. திட்ட வேண்டியதை எல்லாம் முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் மேலே படி.

முட்டி பரவாயில்லை, மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் முனகுகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், கைக்கு எட்டுகிற உயரத்தில் வீட்டில் எதையும் வைக்க முடியவில்லை. குண்டு வாத்தியார் போய்விட்டதை உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதை எழுத வரவில்லை, நேரில் பேசுவோம்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பெட்டி.

இங்கே லண்டனில் ஞாயிற்றுக்கிழமை தெருச்சந்தை ஒன்று கூடும். அங்கே ஒருவர் இதை வைத்திருந்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். கறுப்பு மரம், மூடியின் மேல் செக்கச்செவேல் என்று ஆமை ஓடு, அதற்குள் கொடி கொடியாகச் சுருண்டு ஓடும் பித்தளை. பதினான்காம் லூயியின் தச்சர் தன் கையால் செய்தது என்றார். 60 பவுண்டு கேட்டார். பதினான்காம் லூயியின் தச்சர் செய்த பெட்டி 60 பவுண்டுக்குத் தெருவில் கிடைக்குமா என்று யோசிக்கிற புத்தி இருந்தால் நான் அன்றைக்குத் தேனி லாட்டரியில் பணத்தைப் போட்டிருப்பேனா? வாங்கிவிட்டேன். "இதில் என்ன வைக்கப்போறீங்க?" என்று மட்டும் கேட்டாள் வீட்டில். அந்தத் தொனி உனக்குத் தெரியும்.

கொடியின் நுனி ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. துடைக்கும்போது ஸ்வெட்டரில் மாட்டி, இரண்டு அங்குல நீளத்துக்குப் பித்தளை உரிந்து வந்துவிட்டது. உடனே ஒட்டும் பசை ஒன்று வீட்டில் இருந்தது. அதை வைத்து அழுத்தினேன். பித்தளை ஒட்டவில்லை, என் கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் பழைய மரச்சாமான் சரிசெய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். லூயியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, நூற்றைம்பது வருஷம் கழித்து மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அந்தப் பாணியில் நிறைய செய்து தள்ளினார்கள், அதில் ஒன்று என்றார். ஆனால் ஓடும் அசல், பித்தளையும் அசல். பசைதான் மகா பாவம் என்றார். அப்புறம் சொன்னார் பாரு ஒரு விஷயம், எனக்கு உன் அப்பா பட்டறையே ஞாபகம் வந்துவிட்டது. பித்தளையைத் திரும்ப ஒட்டுவதற்கு முன்னால் அதன் அடிப்பக்கத்தில் ஒரு பூண்டுப் பல்லை வெட்டித் தேய்ப்பார்களாம். அப்புறம் சூடான வச்சிரம். அங்கேயும் வச்சிரம்தான்டா! தோலையும் எலும்பையும் காய்ச்சிய அதே நாற்றம். கடையின் பின்பக்கம் சின்னச் சட்டியில் வெந்நீருக்குள் வைத்திருந்தார். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோமே, அதே.

சரி, யார் அந்தத் தச்சர் என்று தேடினேன். ஆந்த்ரே ஷார்ல் என்று பெயர். குடும்பப் பெயரைத் தமிழில் எழுதினால் நீ கடிதத்தை மேலே படிக்க மாட்டாய், உன் எட்டாம் வகுப்புப் புத்தி எனக்குத் தெரியும், அதனால் ஆந்த்ரே என்றே எழுதுகிறேன். 1642இல் பிறந்தவர். 1672இல் ராஜா அவருக்கு லூவர் அரண்மனையிலேயே தங்கவும் பட்டறை போடவும் இடம் கொடுத்தார். அந்த வேலை எப்படி என்று கேள். அழுங்காமை ஓட்டை மெல்லிய தகடாக்கி, பித்தளைத் தகட்டையும் அதையும் நடுவில் காகிதம் வைத்து ஒட்டி, மேலே படத்தை ஒட்டி, நூல் மாதிரி இருக்கிற ரம்பத்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் அறுப்பார்கள். அப்புறம் பிரித்தால் ஓட்டில் வெட்டிய பள்ளத்தில் பித்தளைக் கொடி அச்சாக உட்காரும், பித்தளையில் வெட்டிய பள்ளத்தில் ஓட்டுக் கொடி உட்காரும். ஒரே அறுப்பில் இரண்டு பலகை. ஒன்றில் சிவப்பில் மஞ்சள், இன்னொன்றில் மஞ்சளில் சிவப்பு. எதுவும் வீணாகாது. அதனால்தான் பல சாமான்கள் ஜோடியாக இருக்கின்றன, ஒன்றுக்கு ஒன்று தலைகீழாக. ஓடு தானாக அவ்வளவு சிவப்பு இல்லை, அடியில் சாயம் பூசிவிடுவார்கள், அது மேலே தெரியும்.

பித்தளை ஏன் தூக்கிக்கொள்கிறது என்று நீயே சொல்லிவிடுவாய். மரம் குளிருக்கும் வெயிலுக்கும் சுருங்கும், விரியும். பித்தளை அதன் கூடப் போகாது. இந்த ஊர் வீடுகளில் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு மரத்தை அப்பளம் ஆக்கிவிடுகிறார்கள். பிறகு பித்தளை தூக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு விஷயம். மேல்தட்டு மரவேலை செய்கிறவனுக்குப் பிரெஞ்சில் பெயரே 'எபெனிஸ்த்'. எபென் என்றால் கருங்காலி. அதாவது கருங்காலித் தச்சன். நீ கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறாயே, அந்த மாலை அசல் கருங்காலி தானா என்று அந்தப் பெரியவரிடம் படத்தைக் காட்டிக் கேட்கலாம் என்று நினைத்தேன். உன் மானம் கருதி விட்டுவிட்டேன்.

ஆந்த்ரேவுக்கு ஒரு வியாதி இருந்தது. பழைய சித்திரம், அச்சுப்படம் என்று எங்கே ஏலம் நடந்தாலும் போய் நின்று வாங்குவார். கடன்மேல் கடன். சம்பாதித்தது ராஜாவிடம், கொட்டியது ஏலத்தில். 1720இல் பட்டறையில் தீப்பிடித்து, செய்து வைத்த சாமானும் சேர்த்து வைத்த சித்திரங்களும் ஏராளமாக எரிந்து போயின. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். இதைப் படித்தபோதே எனக்கு உன் ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. ஆனால் விஷயம் இவர் இல்லை.

இங்கே வாலஸ் கலெக்‌ஷன் என்று ஒரு மியூசியம் இருக்கிறது. ஒரு பிரபுவின் மாளிகை, 1900இலிருந்து ஊருக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள், நுழைவு இலவசம். பெட்டி புண்ணியத்தில் நாலு தடவை போய்விட்டேன். அங்கே ரீசனர் என்று ஒருவர் செய்தவை இருக்கின்றன. ழான் ஆன்ரி ரீசனர். ஜெர்மனியில் 1734இல் பிறந்து, பாரிஸில் ஒபென் என்ற தச்சரின் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். பதினைந்தாம் லூயிக்கு ஒபென் ஒரு எழுதுமேசை செய்துகொண்டிருந்தார். அதற்குப் பெயர் ராஜாவின் பீரோ. ஆமாம், நம் பீரோதான். அவர்களுக்கு ப்யூரோ என்றால் எழுதுகிற மேசை, நம் ஊரில் அது எப்படியோ கதவு வைத்து, கண்ணாடி வைத்து, நகை வைக்கிற சாமான் ஆகிவிட்டது. 1760இல் ஆரம்பித்து 1763இல் ஒபென் போய்விட்டார், கடனோடு. ரீசனர் வேலையை எடுத்து 1769இல் முடித்தார். நடுவில் முதலாளியின் விதவையையும் கல்யாணம் செய்துகொண்டார். அதே பட்டறையில் லெலூ என்று இன்னொரு கெட்டிக்காரத் தச்சர், பட்டறை தனக்கு வரும் என்று இருந்தவர், கோபித்துக்கொண்டு போய்த் தனிக்கடை போட்டார். நம்ம பட்டறை மணி கதை மாதிரியே இல்லையா?

அந்த மேசையில் ஒரே சாவி. ஒரு திருப்பு திருப்பினால் மேலே சுருள் மூடியும் இழுப்பறைகளும் எல்லாம் பூட்டிவிடும். ஆனால் மைக்கூடு மட்டும் பக்கவாட்டில் தனி இழுப்பறையில். வேலைக்காரன் வந்து மை ஊற்றிவிட்டுப் போகலாம், ராஜாவின் காகிதத்தைப் பார்க்க முடியாது. நம் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருந்தால் பத்தாம் வகுப்பில் உன் கடிதம் மாட்டியிருக்காது.

அசல் வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. வாலஸில் அதன் நகல் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பிரபு செய்வித்தது. எனக்குப் பிடித்தது அது இல்லை. மரீ அந்துவானெத் ராணியின் அந்தரங்க அறைக்கு 1780இல் ரீசனர் செய்து கொடுத்த இழுப்பறை மேசை ஒன்று இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் பதித்த பூவேலை எல்லாம் தேன் நிறம், அடர்பழுப்பு, இவ்வளவுதான். அடக்கமாக, அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம் தெரிந்தது, அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பூவேலைக்கு மரத்தகட்டைச் சாயத்தில் ஊறப்போட்டுப் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஆக்கித்தான் பதித்தார்கள். இலை பச்சையாகவே இருந்ததாம். இதழின் ஓரத்தில் நிழல் வேண்டுமானால் சூடான மணலில் தகட்டின் நுனியைச் செருகி லேசாகக் கருக்குவார்கள். வெளிச்சம் பட்டுப்பட்டு எல்லாம் பழுப்பாகிவிட்டது. வெளிச்சம் படாத உள்பக்கங்களில் மட்டும் பழைய நிறம் கொஞ்சம் மிஞ்சும். நாம் பார்த்து மயங்குகிற அந்தக் கண்ணியமான பழுப்பைச் செய்தது வெயில்தான். அவர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

மேலே பொன்முலாம் பூசிய வெண்கலப் பூக்கள் வேறு. பாதரசத்தில் தங்கத்தைக் குழைத்துப் பூசி நெருப்பில் காட்டினால் பாதரசம் புகையாகப் போய் தங்கம் தங்கிவிடும். புகை பூசுகிறவனுக்குள் போகும். ராணியின் இழுப்பறைக் கைப்பிடிக்காக எத்தனை பேர் கை நடுங்கிச் செத்தார்களோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1774இலிருந்து பத்து வருஷம் ரீசனர்தான் அரண்மனைத் தச்சர். அந்தப் பத்து வருஷத்தில் 9 லட்சம் லீவருக்கு (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) மேல் சாமான் கொடுத்திருக்கிறார். விலை தாங்கவில்லை என்று கடைசியில் வேறு ஆளைப் போட்டார்கள், ராணி மட்டும் விடாமல் அவரிடமே கொடுத்தார். அப்புறம் புரட்சி. ராஜா பதினாறாம் லூயியின் தலை 1793 ஜனவரியில் போனது. ஆகஸ்ட் 25ஆம் தேதி வெர்சாய் அரண்மனைச் சாமான்களை ஏலம் போட ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்தது, 17,000 உருப்படிக்கு மேல். ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே அக்டோபரில் ராணி தலையும் போனது.

அந்த ஏலத்தில் யார் போய் வாங்கினார் தெரியுமா? ரீசனர். தான் செய்ததையே. அடிமாட்டு விலைக்குப் போகிறதே, நாலு வருஷத்தில் நிலைமை சரியாகும், அப்போது விற்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு என்று சொல்கிறேன், எனக்கென்னவோ வெறும் கணக்கு என்று தோன்றவில்லை. யாரோ கண்டவன் தூக்கிக்கொண்டு போவதை நின்று பார்க்க முடிந்திருக்காது. 1794இல் தான் செய்த சாமானிலிருந்து ராஜ முத்திரைகளைக் கழற்றுகிற வேலையையும் அவருக்கே கொடுத்தார்கள். வாங்கியதை விற்கப் போனபோது வாங்க ஆளில்லை. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள், பாதிப் பேருக்குக் கழுத்து இல்லை. புதுப் பணக்காரர்களுக்கு வேறு ரசனை. 1806இல் வறுமையில் இறந்தார்.

இதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் இன்னும் வயிறு எரியும். ரீசனர் செய்த பெரிய நகைப்பெட்டி ஒன்றை நெப்போலியனிடம் விற்கப் பார்த்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். 1825இல் இங்கிலாந்து ராஜா நான்காம் ஜார்ஜ் வாங்கினார். இப்போது உலகத்தில் எந்த மியூசியமும் ரீசனர் என்றால் ஓடி வரும். ரீசனர் ஏலத்தில் சரியான சாமானைத்தான் வாங்கினார். முப்பது வருஷம் முன்னாடி வாங்கிவிட்டார், அவ்வளவுதான்.

சண்முகம், போன வாரம் மீனா இவளுக்குப் போன் பண்ணியிருந்தாள். அழவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம். கூடத்தில் மூன்று, உன் அறையில் இரண்டு, மாடியில் ஒன்று, பட்டறையில் ஒன்று. ஏழு பீரோ. செட்டியார் வீடுகளை இடித்து விற்கிற இடமெல்லாம் நீ போய் நிற்கிறாய், காரைக்குடிப் பழைய சாமான் கடைக்காரர்களுக்கு உன் மொபட் சத்தமே தெரியும் என்றாள். இப்போது எட்டாவதற்கு முன்பணம் கொடுத்திருக்கிறாயாமே. மாசியில் நீ எழுதிய கடிதத்தில் 'அப்பா செய்த ரெண்டொரு சாமான் கிடைத்தது' என்றுதான் இருந்தது. ரெண்டொன்று!

நான் கிண்டல் பண்ணத்தான் பேனாவை எடுத்தேன். ரீசனரைப் படித்த பிறகு முடியவில்லை. பயமாக இருக்கிறது. விற்கலாம் என்று வாங்குகிறாய் என்றால், வாங்காதே. அந்தத் தேக்கு, அந்தப் பித்தளைக் குமிழ், எல்லாவற்றுக்கும் ஒருநாள் மதிப்பு வரும், நீயும் நானும் அப்போது இருக்க மாட்டோம். விற்க இல்லை, வைத்துக்கொள்ளத்தான் என்றால் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, மீனாவிடம் கேட்டுக்கொண்டு செய்.

இன்னொன்றும் உறுத்துகிறது. உனக்கு வெறி என்று தெரிந்த கடைக்காரன் எதைக் காட்டினாலும் 'ஆசாரி கைவேலை'தான் என்பான். வெர்சாய் அரண்மனையே, பதினெட்டாம் நூற்றாண்டு நாற்காலி என்று பணம் கொட்டிப் போலியை வாங்கி ஏமாந்தது, 2016இல் ஊர் சிரித்தது. அவர்களிடம் இல்லாத நிபுணர்களா? பாரிஸில் தச்சர்கள் தங்கள் பெயரைச் சாமானில் முத்திரையாக அடிக்க வேண்டும் என்று சங்கத்து விதியே இருந்தது. உன் அப்பா முத்திரை அடிக்கவில்லை. ஆனால் உனக்கு ஞாபகம் இருக்கும், கூலிக் கணக்கை எல்லாம் இழுப்பறையின் அடிப்பலகையில்தான் பென்சிலால் எழுதி வைப்பார். யார் எத்தனை நாள், எவ்வளவு முன்பணம், டீ எத்தனை. ஒருமுறை நமக்கு வாங்கிக் கொடுத்த பரோட்டாவைக்கூட எழுதியிருந்தார்.

அந்த எட்டாவதின் இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பார். பென்சில் கணக்கு இருந்தால் பாதிப் பணம் நான் அனுப்புகிறேன், அது என் பங்கு, மறுபேச்சுப் பேசாதே. இல்லாவிட்டால் முன்பணம் போனால் போகிறது என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வா. மற்ற ஏழையும் கவிழ்த்துப் பார்த்தாயா, அதையும் எழுது. பரோட்டாக் கணக்கு எதிலாவது இருந்தால் படம் எடுத்து அனுப்பு.

உன்,
கோபால்

பி.கு.: வச்சிரம் காய்ச்ச உன் அப்பா ராத்திரி ஊறப்போடுவாரே, ஒரு பங்குக்குத் தண்ணீர் எவ்வளவு? பெரியவர் சொன்ன கூலி பெட்டி விலையைவிட அதிகம். பூண்டு வாங்கி வைத்துவிட்டேன்.