ஐ.நா.வுக்குப் போகும் எம்.பி. கையில் எந்தக் காகிதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரை ஐ.நா. பொதுச்சபைக்குச் சில நாட்கள் அனுப்பிவைக்கும் வழக்கம் உண்டு. எல்லா ஆண்டும் நடப்பதில்லை. நடக்கும்போது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பேச்சு கிளம்பும். அரசு செலவில் ஊர் சுற்றல் என்பது ஒன்று. தூத்தூர், வள்ளவிளை, இரயுமன்துறை மீனவ ஊர்ப் பக்கம், வெளிநாட்டில் பிடிபட்டவர்களை நினைத்துக் கேட்பது வேறு: "நம்ம எம்.பி. அங்க போனா மைக்கப் பிடிச்சு நம்ம பிள்ளைகளப் பற்றி பேசட்டு." அந்தப் பணி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இரண்டு தரப்பும் பேச்சை மாற்றிக்கொள்ளும்.

அந்த மண்டபத்தில் உட்காருகிறவர் கன்னியாகுமரி எம்.பி. அல்ல, கட்சிக்காரரும் அல்ல. 'இந்தியா' என்ற பலகைக்குப் பின்னால் உள்ள ஆறு நாற்காலிகளில் ஒன்றில் உட்காரும் பிரதிநிதி. பேசும் உரையை நியூயார்க் 43-ஆம் தெருவில் இருக்கும் இந்தியத் தூதுக்குழு அலுவலகம் தயாரிக்கும். டெல்லி ஒப்புதல் தரும். எம்.பி.க்கு வாசிக்கும் வேலை. பொதுச்சபையின் கமிட்டிகளில் பெரும்பாலும் ஐந்து நிமிடம் தருவார்கள். உரைபெயர்ப்பாளர்கள் தொடர்ந்து வர வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 120 ஆங்கிலச் சொற்களைத் தாண்டக் கூடாது. ஆக 600 சொல். நாகர்கோவில் பொதுக்கூட்டத்தில் மேடையில் இருப்பவர்களுக்கு 'அவர்களே' போட்டு முடிக்கவே அந்த நேரம் போதாது.

தவறு நடப்பதும் இங்கேதான். நேரம் போதவில்லை என்று வேகமாக வாசித்தால், அரபு, சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் அறைகளில் இருப்பவர்கள் பாதி வாக்கியங்களை விட்டுவிடுவார்கள். மண்டபத்தில் பலர் கேட்பது அந்தக் குரல்களைத்தான். அடுத்தது, ஊர் ஞாபகத்தில் கையிலிருந்து ஒரு வரி சேர்ப்பது. அச்சிட்ட உரையின் தலைப்பிலேயே 'பேசியதோடு ஒப்பிட்டுக்கொள்க' என்று ஒரு குறிப்பு இருக்கும். எழுதியது எதுவானாலும் பதிவேட்டில் ஏறுவது வாயிலிருந்து வந்ததுதான். அண்டை நாட்டைச் சீண்டும் ஒரு சொல் போதும். அவர்கள் மறுமொழி உரிமை கேட்பார்கள். முதல் முறை பத்து நிமிடம், இரண்டாம் முறை ஐந்து நிமிடம். அன்று மாலை முழுக்க அதற்குப் பதில் எழுதுவதிலேயே அலுவலர்களுக்குப் போய்விடும்.

மேசையில் மூன்று பொத்தான்கள்: பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. எதை அழுத்துவது என்று டெல்லியிலிருந்து தகவல் வந்திருக்கும். தவறி அழுத்தினால், தலைவர் இயந்திரத்தைப் பூட்டும்வரை மாற்றிக்கொள்ளலாம். பூட்டிய பிறகு 'எங்கள் நோக்கம் வேறு' என்று செயலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், அதற்குமேல் ஒன்றும் இல்லை, எண்ணிக்கை மாறாது.

தமிழில் பேச முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். ஆறு அலுவல் மொழிகளில் ஒன்றுக்கு மாற்றிச் சொல்ல நம் தரப்பிலேயே ஆள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம். நம்மூரில் காலை 10 மணி என்றால் அக்டோபரில் அங்கே நள்ளிரவு 12.30. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை மாற்றிய பிறகு இரவு 11.30. தொகுதியிலிருந்து போகும் போன்களை எடுத்துக்கொண்டே இருக்கும் உறுப்பினர் மறுநாள் காலைக் கூட்டத்தில் தூங்கி வழிவார். வெளிநாட்டு அமைப்புகள் தரும் தங்குமிடம், டிக்கெட் எதையும் உள்துறையின் முன் அனுமதியின்றி ஏற்கக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் சொல்கிறது. எம்.பி.க்கும் அது பொருந்தும்.

அரசியல்வாதியின் சொந்த வாய்க்கே மதிப்பு இருக்கும் தூது வேறு வகை. 1994-இல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. மனித உரிமை ஆணையக் கூட்டத்துக்கு எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயைக் குழுத் தலைவராகப் பிரதமர் நரசிம்ம ராவ் அனுப்பினார். இந்தியாவுக்கு எதிராகக் கொண்டுவந்த காஷ்மீர் தீர்மானத்தைப் பாகிஸ்தான் வாக்கெடுப்புக்கு விடாமலே விலக்கிக்கொண்டது. இந்தியாவின் நிலையை வெளிநாடுகளில் விளக்க 2025 மே மாதம் கிளம்பிய ஏழு அனைத்துக் கட்சிக் குழுக்களும் அதே வகைதான். ரஷ்யா, ஸ்லோவேனியா, கிரீஸ், லாட்வியா, ஸ்பெயின் போன குழுவுக்குக் கனிமொழி தலைமை. பத்திரிகையாளர் என்ன கேட்பார் என்று முன்கூட்டித் தெரியாத அந்த வேலையையும், கமிட்டியில் உரை வாசிக்கும் வேலையையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

இனி நம் கடற்கரைக்கு வருவோம்.

தங்கு கடல் மீன்பிடிக்குப் போய் மாலத்தீவு, டீகோ கார்சியா, செஷல்ஸ், இந்தோனேசியா பக்கம் பிடிபடும் படகுகளுக்காக எம்.பி.யிடம் கொடுக்கும் மனுக்களில் 'ஐ.நா. தலையிட வேண்டும்' என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரியை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. பயன்படும் வரி ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 73-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒரு நாட்டின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்குள், அதாவது கரையிலிருந்து 200 கடல் மைல்வரை மீன்வளத்தில் அந்த நாட்டுக்கே உரிமையுள்ள பகுதிக்குள், மீன்பிடிச் சட்டத்தை மீறிய படகையும் ஆட்களையும், நியாயமான பிணைத்தொகை கட்டினால் உடனே விட வேண்டும். இரு நாடுகளுக்கும் இடையே தனி உடன்பாடு இல்லாவிட்டால் சிறைத் தண்டனை கூடாது. படகு எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டுக்கு உடனே தகவல் தர வேண்டும். பிணை கட்டியும் விடவில்லை என்றால், பிடித்த நாளிலிருந்து பத்து நாளில் பேச்சு முடியாதபோது, 292-ஆவது பிரிவின்படி ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குக் கொடி நாடு போகலாம். இந்தியா 1995-இல் இந்த ஒப்பந்தத்தை ஏற்றது.

இதில் மூன்று ஓட்டைகள் உண்டு; மனு எழுதும் பங்குத்தந்தையர்களும் சங்கத்தாரும் கவனிக்க வேண்டியவை. ஒன்று, பிடித்த இடம் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அந்த நாட்டின் சொந்தக் கடலில் என்றால் 73-ஆவது பிரிவு உதவாது. இரண்டு, ஈரானும் ஐக்கிய அரபு அமீரகமும் கையெழுத்துப் போட்டனவே தவிர ஒப்பந்தத்தை இறுதியாக ஏற்கவில்லை. அங்கே இதைக் காட்டி வாதாடுவது கடினம். மூன்றாவதுதான் அதிகம் தவறுவது. வளைகுடாவில் கபீலிடம் (வேலைக்கு எடுக்கும் உள்ளூர் முதலாளியிடம்) கூலிக்குப் போனவர் ஓட்டுவது அந்த நாட்டுக் கொடி போட்ட படகு. 292-ஆவது பிரிவின் கீழ் வழக்குப் போடும் உரிமை அந்த நாட்டுக்கு, இந்தியாவுக்கு அல்ல. இப்படிப்பட்ட கைதுகளில் தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவு ஒன்றே கைகொடுக்கும்: கைதானவர் கேட்டால் தாமதமின்றி இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லி, அலுவலர் பார்க்க விட வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதிந்து, அந்தப் புகார் எண்ணை மனுவில் எழுதுங்கள்.

எம்.பி. எந்த வாரம் போகிறார் என்பதும் முக்கியம். கடல் சட்டம், மீன்வளம் பற்றிய இரண்டு தீர்மானங்களும் கமிட்டிகளுக்குப் போகாமல் நேரே பொதுச்சபைக்கு வரும், வழக்கமாக டிசம்பரில். அப்போது இங்கே நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கும், எம்.பி. ஊர் திரும்பியிருப்பார். ஆனால் அந்தத் தீர்மானங்களின் வாசகம் முடிவாவது அதற்கு முந்தைய வாரங்களில், மூடிய அறையில். திரையில் வரைவை ஓடவிட்டு, ஒத்துப்போகாத சொற்களை அடைப்புக்குறிக்குள் போட்டு, ஒவ்வொன்றாகப் பேரம் பேசுவார்கள். அங்கே உட்காருவது எம்.பி. அல்ல, சட்டம் தெரிந்த இளம் அலுவலர். அந்த அலுவலரைத் தேடிப்பிடித்து, தேநீர் நேரத்தில் தொகுதியின் ஒற்றைப் பக்கக் குறிப்பை விளக்கிக் கையில் கொடுக்கும் எம்.பி., மைக்கில் பேசியவரைவிட அதிகம் செய்திருப்பார். நம் உறுப்பினரிடம் ஊர் கேட்க வேண்டியதும் இதுவே.

அந்த ஒற்றைப் பக்கம் ஆங்கிலத்தில், ஆகஸ்ட் முடிவதற்குள் அவர் கைக்குப் போகட்டும். பிடிபட்ட நாள், மணி, ஜி.பி.எஸ். காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகை. கரையிலிருந்து எத்தனை கடல் மைல். கடவுச்சீட்டிலோ மீனவர் அடையாள அட்டையிலோ உள்ளபடி பெயர்கள். கூலிக்குப் போனவர் என்றால் கபீலின் பெயர், இக்காமா (அந்த நாட்டில் தங்கும் உரிம அட்டை) எண். படகின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள், பதிவு எண்ணும் வேண்டும். நம் துறைகளில் அந்தோணியார் பெயரில் எத்தனை படகு ஓடுகிறது என்று நியூயார்க்கில் இருப்பவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
வெளியுறவுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மூவர்,
நாகர்கோவில்.