பங்கு விற்பனைச் செய்திகளில் தேதியும் எண்ணிக்கையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு காலாண்டு முடிந்த பிறகும் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில், இன்ன நிறுவனத்தின் பங்குகளை இன்ன மியூச்சுவல் ஃபண்ட் வாங்கிக் குவித்தது, இன்ன வெளிநாட்டு நிதியம் விற்று வெளியேறியது என்ற செய்திகள் தவறாமல் வருகின்றன. ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்க்க நேரமில்லாத சிறு முதலீட்டாளர்கள் பலர் இவற்றைப் படித்துவிட்டே வாங்கவும் விற்கவும் செய்கிறார்கள் என்பதால், இச்செய்திகள் எழுதப்படும் முறையில் ஒரு மாற்றத்தை வேண்டுகிறேன்.

இவற்றுக்கு ஆதாரம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி காலாண்டு முடிந்த 21 நாள்களுக்குள் பங்குச் சந்தைகளுக்கு அளிக்கும் பங்குதாரர் விவரம். ஜூன் 30 நிலவரம் ஜூலையில் வெளியாகிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே வாங்கப்பட்டிருந்தால் அது மூன்று மாதத்துக்கும் மேல் பழைய செய்தி. ஆனால் ‘வாங்கியது’ என்ற ஒற்றைச் சொல்லைக் காலையில் படிப்பவர் நேற்று நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்.

இதைவிடப் பெரிய சிக்கல் 1 சதவீத வரம்பில் இருக்கிறது. நிறுவனர் தரப்பைச் சேராத பங்குதாரர்களில், 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களின் பெயர்தான் அந்தப் பட்டியலில் தனியாக இடம்பெறும். 10 கோடி பங்குகள் கொண்ட ஒரு நிறுவனத்தில் 10,40,000 பங்குகளை வைத்திருக்கும் ஃபண்ட் வெறும் 60,000 பங்குகளை விற்றாலே, இருப்பு 0.98 சதவீதமாகி, அடுத்த பட்டியலில் அதன் பெயர் காணாமல் போய்விடும். பெயர் இல்லை என்பதை ‘முழுவதும் விற்றுவிட்டது’ என்று எழுதுவது தவறு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கோ வந்த அப்படியொரு செய்தியை நம்பி, மகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பங்குகளை மறுநாள் சந்தை திறந்ததுமே விற்றேன். பிறகு அந்த ஃபண்டின் மாதாந்திர இருப்புப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, அதே பங்கு, எண்ணிக்கையில் மிகச் சிறிதே குறைந்து, அதில் இருந்தது. மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் திட்டங்களின் முழு இருப்பையும் மாதம் முடிந்த 10 நாள்களுக்குள் வெளியிட வேண்டும். அதற்கு 1 சதவீத வரம்பு கிடையாது. அதை ஒருமுறை சரிபார்க்காமல் ‘வெளியேறியது’ என்ற சொல்லைத் தாங்கள் அச்சேற்றக் கூடாது.

சதவீதத்தை மட்டும் தருவதும் போதாது. நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட்டால், ஒரு பங்கைக்கூட விற்காத ஃபண்டின் சதவீதமும் குறையும். தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கினால், எதையும் வாங்காத ஃபண்டின் சதவீதம் உயரும். ஆகவே பங்குகளின் எண்ணிக்கை அவசியம். ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டில் ஒரு பங்கு சேர்க்கப்படும்போது, அக்குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் அந்தப் பங்கை வாங்கியே தீர வேண்டும் என்பதால், அந்த வாங்குதலை நிறுவனத்தின் மீதான நம்பிக்கை என்று எழுதுவதும் பொருந்தாது.

உடனுக்குடன் தெரியவருபவை வேறு வகை. ஒரு நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் கைமாற்றியவரின் பெயர், எண்ணிக்கை, விலை ஆகியவற்றைப் பங்குச் சந்தைகள் அன்று மாலையே வெளியிடுகின்றன. 2024 மார்ச்சில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, ஐ.டி.சி. நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் சுமார் 3.5 சதவீதத்தைத் தன் இருப்பிலிருந்து விற்றதை அறிய யாரும் காலாண்டுப் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை. இத்தகைய செய்தியும் காலாண்டுச் செய்தியும் ஒரே நடையில், அடுத்தடுத்து அச்சாகும்போது வாசகரால் வேறுபாடு காண முடிவதில்லை.

எனவே, இனி இத்தகைய செய்தி ஒவ்வொன்றிலும், எந்தத் தேதி நிலவரம், முன்பு எத்தனை பங்குகள், இப்போது எத்தனை என்ற விவரங்களைச் சேர்க்குமாறும், பெயர் மட்டும் மறைந்திருந்தால் ‘1 சதவீதத்துக்குக் கீழ் குறைந்திருக்கலாம்’ என்று குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரி இடம் இதற்குப் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.