48-வது பனை

மதுரை,
ஆவணி, ஞாயிறு காலை

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து ரெண்டு வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ஆனால் அதை மூணு பக்கத்துக்கு வர்ணித்துவிட்டு, கடைசி ரெண்டு வரியில் என்னைச் சீண்டியிருக்கிறாய் பார், அதற்குத்தான் இந்தப் பதில். “முப்பது வருசமா செத்தவங்கள எண்ணுன, இப்ப மரத்த எண்ணுறியாமே” என்று எழுதியிருக்கிறாய். எவன் வத்தி வைத்தான் என்று தெரியும், அவனை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். விஷயம் உண்மைதான். எண்ணுகிறேன். ஆனால் ரெண்டும் ஒரே வேலைதான்டா. அதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும், பொறுத்துக்கொள்.

நீ பேங்க்குக்குப் போனாய், நான் பொது சுகாதாரப் புள்ளிவிவரம் என்று போனேன். எங்கள் அம்மாவுக்கு அது என்ன வேலை என்று கடைசிவரை பிடிபடவில்லை. “மகன் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருக்கான்” என்று தெருவில் சொல்லிவைத்தாள். ஊசி போட்டுக்கொள்ள ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் செய்ததெல்லாம் ரெண்டு நோட்டை அருகருகே வைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவியதுதான்.

எஸ்.ஆர்.எஸ். என்று நாங்கள் சொல்லும் மாதிரிப் பதிவுத் திட்டம் 1969-70இலிருந்து நாடு முழுக்க நடக்கிறது. தேர்ந்தெடுத்த ஒரு கிராமத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் வாத்தியாரோ அங்கன்வாடி அம்மாவோ, பிறப்பு இறப்பை நடக்க நடக்க எழுதிக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர், அந்த நோட்டைப் பார்க்காமலே, வீடு வீடாகப் போய்த் தானும் ஒரு பட்டியல் போடுவார். பிறகு ரெண்டையும் ஒத்துப்பார்ப்பது. ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாததை மறுபடி ஊருக்குப் போய் விசாரிப்பது. ஒரு பட்டியலில் அப்பா பேர் இருக்கும், இன்னொன்றில் வீட்டுப் பட்டப்பேர் இருக்கும். பிள்ளைக்குப் பேரே வைத்திருக்க மாட்டார்கள். அதே பிள்ளைதானா என்று கண்டுபிடிப்பதற்குள் வியர்த்துவிடும்.

நீ பேங்க்காரன். ரெண்டு பக்கமும் டேலி ஆனால்தான் உனக்கு ராத்திரி தூக்கம் வரும். எனக்கு டேலி ஆனால்தான் சந்தேகம் வரும். ரெண்டு பேர் தனித்தனியாக எழுதியது ஒரு வரிகூடப் பிசகாமல் ஒத்துப்போனால், ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். டீக்கடையில் உட்கார்ந்து எழுதிய பட்டியலை ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன்.

இதில் ஒரு வித்தை இருக்கிறது. கல்கத்தா பக்கம் சிங்கூரில் எடுத்த பதிவுகளை வைத்து, சந்திரசேகரன் என்ற மக்கள்தொகை அறிஞரும் டெமிங் என்ற அமெரிக்கரும் 1949-இல் எழுதியது. ரெண்டு பட்டியலும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே போகவில்லை என்பதை வைத்தே, ரெண்டிலும் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிடலாம். யார் கண்ணிலும் படாதவர்களின் எண்ணிக்கை! முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் வகுப்பில் அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறிவிடும்.

இவ்வளவு தெரிந்தும் நான் முகத்தில் கரி பூசிக்கொண்ட கதை உனக்குத் தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். நகரத்தில் பதிவான சிசு மரணங்களை நகரத்தில் பதிவான பிறப்புகளால் வகுத்து, கிராமத்தைவிட மதுரை டவுனில் பச்சைப்பிள்ளைகள் அதிகம் சாகின்றன என்று ஒரு கூட்டத்தில் கலர் கலராகப் படம் போட்டுக் காட்டினேன். பெரிய அதிகாரிகளெல்லாம் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து வயதான நர்ஸம்மா ஒருவர் எழுந்து, “சார், இதுல எத்தன பிள்ளை மதுரப் பிள்ளை?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும், சட்டம் அப்படி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி என்று நாலு பக்கத்திலிருந்தும் முடியாத கேஸெல்லாம் நம்ம பெரியாஸ்பத்திரிக்குத்தான் வருகிறது. மூணு வாரம் பதிவேட்டோடு உட்கார்ந்து முகவரிக் கட்டத்தை மட்டும் படித்தேன். கமுதி, திருவாடானை, சாயல்குடி, போடி. ரெண்டு நாள் பிள்ளை, மூணு நாள் பிள்ளை. பெயர்க் கட்டத்தில் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஆறாம் வகுப்பில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? செத்த பிள்ளை மதுரைத் தொகுதியில் ஏறிவிட்டது. அது பிறந்த கணக்கோ கமுதிப் பகுதியில் கிடந்தது. எந்தப் பிள்ளையைக் காப்பாற்றக் கடைசி நம்பிக்கையாக இங்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்களோ, அந்தப் பிள்ளையை வைத்தே இந்த ஊரைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன். திருத்தி எழுதி அனுப்பினேன். முதல் அறிக்கையைப் படித்தவர்களில் பாதிப்பேர் ரெண்டாவதைப் படித்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாவை அப்புறம் தேடிப்போய்ப் பார்த்தேன். “பரவால்ல சார், டீ சாப்பிடுங்க” என்றார்.

அன்றிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் கண் முதலில் கீழேதான் போகிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாளே, அவளுடைய பிள்ளை எந்த ஊர்க் கணக்கு? மேலூரில் கர்ப்பத்தைப் பதிவு செய்திருப்பாள், பிரசவம் காரைக்குடி பக்கம் நடந்திருக்கும். இங்கே நர்ஸ் நோட்டில் ‘ஊருக்குப் போய்விட்டார்’ என்று ஒரு வரி. அங்கே அவள் விருந்தாளி. ரெண்டு இடத்திலும் எண்ணப்படலாம், ரெண்டு இடத்திலும் விட்டுப்போகலாம். இப்போது கர்ப்பிணிக்கெல்லாம் பிக்மி நம்பர் என்று ஒன்று கொடுத்து, அவள் போகும் இடமெல்லாம் கூடவே போகிறமாதிரி செய்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் மாமியார் வாய்தான் பிக்மி.

உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீ முன்பு கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. இப்போதும் அதிகம் எழுத மாட்டேன். 1990-களில் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை ஆண், பெண் என்று பிரித்துப் போட்டுப் பார்த்தபோதுதான், ஊரெல்லாம் குசுகுசுவென்று பேசியது எண்ணாகத் தெரிந்தது. எழுதியவர்கள் மறைக்கவில்லை, ஒவ்வொரு சாவும் அதனதன் வரியில் இருந்தது. யாரும் நெடுக்காகக் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெண் சிசுவை வேண்டாம் என்பவர்கள் அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிடட்டும் என்று 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. சில பக்கங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. போதும்.

நல்லதும் சொல்கிறேன். 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 113 ஒரு வயது தாண்டவில்லை. 2020-இல் அது 13. நான் எண்ணியதால் குறைந்ததில்லை, அந்த மப்பு எனக்குக் கிடையாது. மூணு நர்ஸ் போட்டு ராத்திரியும் திறந்துவைத்த பி.எச்.சி.யும், சைக்கிள் மிதித்து ஊர் ஊராகப் போன நர்ஸம்மாக்களும், படித்த தாய்மார்களும் குறைத்தது. குறைந்திருக்கிறது என்று கண்ணால் கண்டு ஒத்துப்பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

இனி மரத்துக்கு வருகிறேன்.

சர்வீஸின் கடைசி நாலைந்து வருஷம் என்னை ‘நீடித்த வளர்ச்சிக் கல்வி’ என்ற பக்கம் தள்ளிவிட்டார்கள். சுகாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்து வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுப்பது. சுற்றுச்சூழலைக் கட்டாயமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1991-லேயே சொல்லிவிட்டது. ஐ.நா. சபை 2005 முதல் 2014 வரை பத்து வருஷத்தை இதற்கென்றே ஒதுக்கியது. பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும்போது அது ஒரு உறுதிமொழி, ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ என்று ஆகிவிடுகிறது. ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளையும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். வாசலில் கிடக்கிற கண்மாய்க்கு எத்தனை மடை என்று கேட்டால் முழிக்கும்.

அதனால் ரிட்டையர் ஆனதும் மேலூர் ரோட்டில் ஒரு அரசுப் பள்ளிக்குச் சனிக்கிழமை தோறும் போகிறேன். ஒன்பதாம் வகுப்பு. முதல் வேலையாகக் கண்மாய்க் கரையில் எத்தனை பனை என்று எண்ணச் சொன்னேன். ரெண்டு குழு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மடையிலிருந்து கலிங்கு வரை நடந்து, ஒவ்வொரு மரமும் மடையிலிருந்து எத்தனை எட்டில் இருக்கிறது என்று எழுதிவர வேண்டும். மரத்தில் அடையாளம் போடக்கூடாது.

ரெண்டு குழுவும் சரியாக 40 என்று வந்து நின்றன. சிரித்துவிட்டேன். “மத்தியானம் யாருமே கரைக்குப் போகலல்ல?” என்றதும் மதியக் குழு தலையைக் குனிந்தது. இப்படி எத்தனை பட்டியல் பார்த்தவன் நான்! அடுத்த சனிக்கிழமை மதியக் குழுவை மறுபடி அனுப்பினேன். எட்டின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று 100 அடிக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். காலைக் குழுவையும் கயிற்றால் அளந்து திருத்தச் சொன்னேன்.

இந்தத் தடவை காலைக் குழு 40, மதியக் குழு 36. தூரத்தை வைத்து ஒத்துப்பார்த்ததில் ரெண்டிலும் இருப்பது 30. கரும்பலகையில் எழுதினேன். மதியக் குழு, காலைக் குழுவின் 40-இல் 30-ஐப் பிடித்திருக்கிறது. அதாவது முக்கால்வாசி. அப்படியானால் அவர்கள் எண்ணிய 36-உம் கரையில் இருப்பதில் முக்கால்வாசிதான். மொத்தம்?

“48 சார்!”

ரெண்டு பட்டியலையும் சேர்த்தால் 46 மரம்தான் வருகிறது. ரெண்டு மரத்தை யாருமே பார்க்கவில்லை. இது மதிப்பீடுதான், கூடக் குறைய இருக்கும் என்று நான் சொன்னதை யார் கேட்டது? மொத்த வகுப்பும் கரைக்கு ஓடியது.

ஒரு மணி நேரம் கழித்து, ஆடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி கருவேலங்காட்டுக்குள்ளிருந்து கத்தினாள். “சார், ஆலமரத்துக்கு அடியில பனம்பழம் கெடக்கு!” போய்ப் பார்த்தால் கறுத்துப்போன பழம், ஒரு பக்கம் எறும்பு மொய்த்திருக்கிறது. மேலே அண்ணாந்து பார்த்தோம். ஒரு பனையை ஆலமரம் சுற்றி வளைத்து முழுங்கியிருந்தது. அடிமரம் துளிகூடத் தெரியவில்லை. உச்சியில் ஆல இலைகளுக்கு நடுவே நாலு பனை ஓலை மட்டும் விசிறிமாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு குழுவும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கின்றன, ரெண்டும் ‘ஆலமரம்’ என்று நினைத்துப் போயிருக்கின்றன. அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஏனோ ‘பெயர்: பெண் குழந்தை’ என்ற கட்டம் ஞாபகம் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டேன், தூசி என்று சொன்னேன்.

இப்போது எதைச் சொன்னாலும் “யார் சார் எண்ணுனது?” என்று கேட்கிறார்கள். பக்கத்தில்தானே அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 72 ஏரி, 200 சுனை என்று அதைப் பற்றிய செய்திகளில் வந்தது. “72-ன்னா எண்ணியிருப்பாங்க சார். 200-ன்னா சும்மா ஒரு குத்துமதிப்பு” என்றான் ஒருவன். முப்பது வருஷத்தில் நான் கற்றது இவனுக்கு மூணே மாதத்தில் வந்துவிட்டது. அங்கே வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்தின் ஏலம் ரத்தானதே, 2025 ஜனவரியில், அந்தச் சமயம் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்து வந்த கூட்டத்தில் இவன் தாத்தாவும் உண்டாம். இவன் இப்போது சுனைகளை எண்ணப் போகவேண்டும் என்று நச்சரிக்கிறான். மலை ஏற எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

48-வது பனை இன்னும் கிடைக்கவில்லை. ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், செங்கல் சூளைக்கு ஒன்றை வெட்டிக்கொண்டு போனார்கள், தூர் மண்ணுக்குள் இருக்கும் என்கிறார். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்களே என்றேன். பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நடந்துவிட்டார். தூரையும் எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்று வகுப்பு ரெண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது. நான் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

தை மாதம் வாயேன். பனங்கிழங்கு அவித்துத் தருவதாக அந்தப் பிள்ளையின் ஆத்தா சொல்லியிருக்கிறாள். மூணாவது பட்டியல் ஒன்று இருந்தால் கணக்கு இன்னும் இறுகும், அதை நீ போடு. பேங்க்காரன் கண் என்று வகுப்பில் சொல்லிவைக்கிறேன். முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே. கரை கொஞ்சம் மேடுதான், ஆனால் மடைப் பக்கம் படி இருக்கிறது.

உன் சேக்காளி