கருப்பையாவுக்கு, ராத்திரி ரெண்டே காலுக்கு

திண்டுக்கல்,
ஐப்பசி 28

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் பேரன் கிரிக்கெட் ஆடுவதும், மகன் வண்டி வாங்கியதும், திருப்பூரில் பனியன் ஆர்டர் குறைந்துபோனதும். கடைசியில் ரெண்டே வரி: இடது முழங்கால் ராத்திரி தூங்க விடுவதில்லை, மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன் என்று. அந்த ரெண்டு வரிக்குத்தான் இந்தப் பதில். போனில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இப்போது மணி ரெண்டே கால். நானும் முழித்துத்தான் இருக்கிறேன். வெளியே மழை விட்டுவிட்டது, ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். இப்படி முழிப்பது இப்போது வாரத்தில் ஒரு நாள், ரெண்டு நாள்தான். போன வருஷம் ஏழு நாளும் இதே கதை. உன்னிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீயும் என்னிடம் சொல்லவில்லை. குமுளி பஸ்ஸில் நீ டிரைவர், நான் கண்டக்டர் என்று பதினோரு வருஷம் ஒன்றாக ஓடியவர்கள் இதைப் போய் மறைத்து வைத்திருக்கிறோமே என்று உன் கடிதத்தைப் படித்ததும் மனசு கஷ்டப்பட்டது.

எனக்கு வலது முழங்கால். பத்து மணிக்குப் படுத்தால் ஒன்றரைக்கு முழிப்பு வரும். மூட்டுக்குள் யாரோ ஆணியைத் திருகுகிற மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் திரும்பினாலும் வலி, அந்தப் பக்கம் திரும்பினாலும் வலி. கட்டில் ஆடினால் அவள் எழுந்துவிடுவாளே என்று அசையாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். விடிந்தால் கண் எரியும், எதற்கெடுத்தாலும் கோபம். ஒரு நாள் பேத்தி என் மடியில் ஓடிவந்து உட்கார்ந்தாள். வலியில் "போ அங்கிட்டு" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் ரெண்டு நாள் அவள் பக்கத்திலேயே வரவில்லை. அன்றைக்குத்தான் டாக்டரிடம் போவது என்று முடிவு செய்தேன்.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார். அது எதிர்பார்த்ததுதான். அவர் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "எந்தெந்த ராத்திரி அதிகமா வலிக்குது? அன்னிக்குப் பகல்ல என்ன செஞ்சீங்க?" என்றார். தெரியாது என்றேன். எழுதி வையுங்கள் என்றார்.

எழுதுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? முப்பது வருஷம் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் போட்ட கை. ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். படுத்த நேரம், முழித்த நேரம், எத்தனை முறை எழுந்தேன், பகலில் எவ்வளவு நடந்தேன், எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருந்தேன், கடைசி டீ எத்தனை மணிக்கு. மூன்று வாரம் ஆனதும் திருப்பிப் பார்த்தால் கணக்கு தானாகவே பேசியது. மழை என்று நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்த ராத்திரிகள்தான் மோசம். அடுத்த மோசம், கல்யாண வீடு, பந்தி விசாரிப்பு என்று ஒரே மூச்சாக அலைந்த நாட்கள். காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம் என்று மலைக்கோட்டை அடிவாரத்தில் பிரித்து நடந்த நாட்களில் நாலரை வரைக்கும் தூங்கியிருக்கிறேன். வலித்தால் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன் மாப்ளே. தலைகீழாக நினைத்திருக்கிறேன்.

காரணத்தை டாக்டர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. எலும்பு முனையில் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாதாம். மூட்டுக்குள் இருக்கிற நீர்தான் அதற்குச் சாப்பாடு. நடக்கும்போது அழுந்தி, விடும்போது உறிஞ்சி, நனைந்த பஞ்சு மாதிரி அது சாப்பிடுகிறது. அசையாமல் வைத்திருந்தால் பட்டினி. ராத்திரி வலி ஏறுவதற்கும் காரணம் சொன்னார். வீக்கத்தை அடக்க உடம்பிலேயே கார்டிசால் என்று ஒன்று சுரக்கிறது. அது நடுராத்திரியில் குறைந்து விடியும்போதுதான் ஏறும். போதாததற்குப் பகலில் நாலு சத்தம், நாலு பேச்சு என்று கவனம் சிதறும், ராத்திரி வலியைத் தவிர கவனிக்க வேறு எதுவும் இல்லை. இன்னொன்றையும் சொன்னார். வலியால் தூக்கம் கெடுவது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாகத் தெரியும் என்பது யாருக்கும் தெரிவதில்லை. ஆக வலியைக் குறைப்பது பாதி வேலை, தூக்கத்தைச் சரி செய்வது மீதிப் பாதி.

அதனால் இப்போது முழித்தால் புரண்டுகொண்டு கிடப்பதில்லை. இருபது நிமிஷம் பார்ப்பேன், தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிடுவேன். கூடத்தில் பத்துத் தடவை மெதுவாக நடை, அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் வெந்நீர்ப் பை கால் மணி நேரம். கண் சொருகினால்தான் மறுபடி கட்டில். பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தினேன், மூன்று மணிக்கு மேல் டீ இல்லை. டீயை விட்டதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது, அவ்வளவு பொறுமை. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ண வேண்டும். இது ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். தொடைச் சதை பலமானால் மூட்டின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும் என்றார். எனக்குப் பலன் தெரிய ஆறு வாரம் ஆனது, ரெண்டாவது வாரத்தில் நீ விட்டுவிடாதே. நான் சுகமாக இருக்கிறது என்று ராத்திரி முழுக்க முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பேன். அப்படியே பழகினால் கால் நேராக நீளாமல் மடங்கியே நின்றுவிடும் என்று அதை நிறுத்தச் சொன்னார். ஒருக்களித்துப் படுத்து ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வைப்பதுதான் சரி. லோயர் கேம்பிலிருந்து குமுளி வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை மிதித்தது உன் இடது கால்தான். அதற்கு இனிமேலாவது இந்த மரியாதையைச் செய்.

எடையும் 82-லிருந்து 77-க்கு வந்திருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறையும் என்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்ததுதான், வேறொன்றும் செய்யவில்லை.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாத்திரை.

என்ன மாத்திரை என்று நீ எழுதவில்லை. தினமும் ராத்திரி போட்டால் வலி பட்டென்று நிற்கிறது என்றால் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும். நானும் ஆறு மாதம் போட்டேன். சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள், கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் காட்டுகிற கிரியேட்டினின் அளவை உடனே பார்க்கச் சொன்னார். என் நல்ல நேரம், அளவு கொஞ்சம்தான் ஏறியிருந்தது, நிறுத்தியதும் இறங்கியது. இந்த வகை மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சில பேருக்கு ரத்தக்கசிவே வரும். பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரை வேலை செய்வதையும் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேல் சிறுநீரகம். உனக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கிறது. உன் சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே இருக்கிற பாரம் போதாதா?

பேத்தி பள்ளிக்கூடத்துக்காகப் பாறு கழுகு பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். நாம் சின்ன வயதில் கண்மாய்க் கரையில் செத்த மாட்டைச் சுற்றிக் கூட்டமாக நிற்குமே, அந்தக் கழுகு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். காரணம் என்ன என்று அவள் படித்துக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் சாய்த்துவிட்டது. 2006-இல் மாட்டுக்கு அந்த மருந்து கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. மனுஷன் கழுகு இல்லை, அந்த அளவுக்கு நமக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும், லட்சக்கணக்கில் பறந்த பறவையை இல்லாமல் ஆக்கிய மருந்தை நாம் மிட்டாய் மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோமே.

நீ வலியைத் தாங்கிக்கொண்டு கிட என்று நான் சொல்லவில்லை. இதே மருந்து களிம்பாக வருகிறது, முழங்காலில் தடவினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. எனக்கு அதைத்தான் முதலில் கொடுத்தார்கள். முடியாத நாளைக்கு எந்த மாத்திரை, எத்தனை என்று டாக்டரே எழுதிக் கொடுப்பார். தூக்க மாத்திரை மட்டும் நீயாக வாங்காதே. அந்த மயக்கத்தில் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்து விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

பிரண்டைத் துவையலும் முடக்கத்தான் தோசையும் நம் வீட்டில் வாரம் தவறாமல் உண்டு. ருசிக்காகச் சாப்பிடுகிறேன். வலி அதனால் குறைந்தது என்று என் நோட்டு சொல்லவில்லை. ஆனால் பேர் ஊர் இல்லாத பொட்டலத்தில் யாராவது மூட்டு வலிப் பொடி கொடுத்து, ரெண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதைத் தொடாதே. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் ஆபத்து உண்டு, உன் சர்க்கரை எகிறிவிடும்.

இதையும் கவனி. காலையில் எழுந்தால் உனக்கு விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது? எனக்குப் பத்து நிமிஷம், நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். என் அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காது. வயசான வலி என்று ரெண்டு வருஷம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பார்த்தால் அது சரவாங்கி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற முடக்குவாதம், தேய்மானமே இல்லை. அதற்கு மருந்தே வேறு. உனக்கும் அப்படி ஏதாவது இருந்தால், இல்லை முழங்கால் சிவந்து சூடாக வீங்கினால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

ஆபரேஷன் என்றால் பயப்படாதே. நம் டிப்போவில் செக்கராக இருந்தவர் ரெண்டு வருஷம் முன்னால் செய்துகொண்டார், இப்போது வாரச்சந்தைக்கு நடந்தே போகிறார். 2017-இல் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்த பிறகு செலவும் முன்பு மாதிரி இல்லை. ஆனால் அதெல்லாம் கடைசிப் படி. நாம் இன்னும் முதல் படியே ஏறவில்லை. படி என்றதும் ஞாபகம் வருகிறது, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கம்பு பிடித்தால் வலது கையில் பிடி, வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில்.

மாப்ளே, கேட்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்கு வலிப்பது முழங்கால் மட்டும்தானா? லட்சுமி தங்கச்சி போய் இந்தத் தையோடு ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. நாற்பது வருஷம் பக்கத்தில் ஓர் ஆள் படுத்திருந்த கட்டிலில் தனியாக முழித்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவள் இருக்கிறாள், நான் எழுந்தால் "என்னங்க, வலிக்குதா" என்று தூக்கத்திலேயே கேட்கிறாள். அந்த ஒரு கேள்விக்கே பாதி வலி அடங்கும். தங்கச்சி குமுளி டியூட்டிக்குக் கட்டித் தந்த எலுமிச்சைச் சோறு, ரெண்டு பேருக்கும் சேர்த்து, வாழையிலையில், ஓரத்தில் மாவடு. கம்பத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சாப்பிட்டதெல்லாம் இந்த நேரத்தில்தான் எனக்கு வருகிறது. உனக்கு எவ்வளவு வரும். ரெண்டு மணியானாலும் சரி, மூன்று மணியானாலும் சரி, முழிப்பு வந்தால் எனக்குப் போன் போடு. நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து பேசுவேன். மகனிடமும் சொல். அவன் உன் கஷ்டத்தைச் சுமை என்று நினைக்கிற பிள்ளை இல்லை, அவனைத் தூக்கி வளர்த்தவன் நான், எனக்குத் தெரியும்.

இங்கே வேறு சேதி, சின்னவளுக்கு ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. கொல்லையில் முருங்கை மழையில் சாய்ந்துவிட்டது, போத்து வெட்டி நட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடு. போடுகிற மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் காட்டு, பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றோடும் சேர்த்து. கிரியேட்டினின் எவ்வளவு என்று அந்த எண்ணை எனக்கு எழுது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானே போன் பண்ணிக் கேட்பேன். இந்தக் கடிதத்தோடு ஒரு நோட்டும் அனுப்புகிறேன், கோடு போட்டே வைத்திருக்கிறேன். நீ நிரப்பினால் போதும்.

உன்,
சவுந்தரராஜன்