அந்தச் சட்டையின் பூவேலையை அழித்துவிடாதீர்கள்

அனிமே தொடர்களை வாங்கி வெளியிடும் ஓடிடி தளத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவருடைய தளத்தில் 'கன்குட்சுவோ' தொடரை மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். குகை அரசன் என்று பொருள். மஹிரோ மயேடா இயக்கத்தில் கோன்சோ ஸ்டுடியோ 2004இல் வெளியிட்ட 24 பகுதித் தொடர். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமா 1844 முதல் 1846 வரை பத்திரிகையில் தொடராக எழுதிய 'மான்டி கிறிஸ்டோ பிரபு' நாவலின் கதையைத்தான் 5053ஆம் ஆண்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பத்து நிமிடம்கூடத் தாண்டவில்லை. படத்தைச் சுருக்கிச் சுருக்கி அனுப்பியதில் உடைகளின் வேலைப்பாடெல்லாம் சேறாகக் குழைந்து கிடந்தது. வேறு தொடர் என்றால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன்.

இதில் ஆள் நடந்தாலும் திரும்பினாலும் அவர் சட்டையில் இருக்கும் பூவும் கொடியும் கூடவே திரும்பாது. இருந்த இடத்திலேயே நிற்கும். முதலில் கண்ணை உறுத்தும், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம்தான் பிடிபடும்: உடம்பு ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது. பிரபுவின் கதையே அதுதானே? சிறையில் நொந்து கிடந்தவனுக்குள் குடியேறிய 'குகை அரசன்' என்ற ஒரு சக்தி, பழிவாங்கும் பலத்தைக் கொடுத்துவிட்டு அவனையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. இதை வசனத்தில் சொல்வதற்கு வெகுமுன்பே துணியில் காட்டிவிட்டார்கள்.

இன்னொன்று. நாவலில், பின்னால் பிரபுவாக வரும் எட்மண்ட் வஞ்சிக்கப்படுவதை முதலிலேயே படித்துவிடுவதால், அவன் பழிவாங்க வரும்போது கைதட்டிக்கொண்டே பின்னால் போவோம். மயேடா அதற்கு இடம் கொடுக்கவில்லை. வஞ்சித்தவனின் மகன் ஆல்பெர், நிலவில் நடக்கும் திருவிழாவில் பிரபுவைப் பார்த்துச் சொக்கிப்போகிறான். அவன் கண் வழியாகத்தான் நமக்கும் எல்லாம் தெரிகிறது. அடி யார்மேல் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டே பார்ப்பது வேறு மாதிரி வலி.

ஆகவே நல்ல தரத்தில் படத்தைப் போடுங்கள். பகுதியின் தொடக்கத்தில் பிரெஞ்சில் முன்கதை சொல்லும் குரலைத் தாண்டிப்போகப் பொத்தான் வைக்காதீர்கள். அந்தக் குகை அரசனே பேசுவதுபோல் இருக்கும் எனக்கு.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

பி.கு.: ஆல்பெரும் பிரபுவும் ஒற்றைக்கு ஒற்றை மோதக் குறித்த நாள் வரும் பகுதி முடிந்ததும், 'அடுத்த பகுதி 5 நொடியில்' என்று ஓடவிடாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.