உயிரியல் படிப்போருக்கும் கணிதம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"டாக்டருக்குப் படிக்கப்போகிற பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று சொல்லி, பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணிதம் இல்லாத உயிரியல் பிரிவில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரை எங்கள் நாமக்கல் பகுதியில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அவர்களுக்கான மறுமொழி எங்கள் ஊர்க் குஞ்சு பொரிப்பகங்களிலேயே இருக்கிறது. அடைவைத்த கருமுட்டையை நான்காம் நாள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சிலந்தியின் கால்களைப் போல ரத்தக்குழாய்கள் பரவியிருப்பது தெரியும். (கடையில் வாங்கும் பண்ணை முட்டை கருவுறாதது என்பதால் அதில் இதைக் காண முடியாது.) கீழ்பவானி வாய்க்காலுக்கு அளந்து வரைபடம் போடப் பொறியாளர்கள் இருந்தார்கள், முட்டைக்குள் அப்படி எவரும் இல்லை. முதலில் ஒழுங்கற்ற வலையாகவே குழாய்கள் தோன்றுகின்றன. இதயம் துடிக்கத் தொடங்கியபின், ஓட்டம் மிகுந்த குழாய் அகன்று பெருங்குழாய் ஆகிறது, ஓட்டம் குறைந்தது சுருங்கி மறைகிறது. கோழிக்கருவை ஆராய்ந்து ரிச்சர்ட் தோமா 1893-இலேயே இதை எழுதினார்.

குழாய் குறுகினால் ரத்தத்தைத் தள்ளும் உழைப்பு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. அகன்றாலோ, கூடுதல் ரத்தத்தைப் பேணும் செலவு உடலுக்குச் சேர்கிறது. இந்த இரு செலவுகளின் மொத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டுமானால், தாய்க்குழாய் ஆரத்தின் கனம் (மூன்றாம் அடுக்கு) கிளைகளின் ஆரங்களுடைய கனங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும் என்று 1926-இல் உடலியல் ஆய்வாளர் சிசில் மர்ரே காட்டினார். இரு சம கிளைகளாகப் பிரிந்தால் ஒவ்வொன்றின் ஆரமும் தாய்க்குழாய் ஆரத்தில் ஏறத்தாழ 79 விழுக்காடு. பெருமம், சிறுமம் காணத் தெரிந்த பிளஸ் டூ மாணவர் இதைத் தாமே வருவித்துவிடலாம்.

புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளரப் புதிய ரத்தக்குழாய்களைத் தன்பால் இழுத்தாக வேண்டும் என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்த கருத்தும் இன்று, ஒன்று மாறும் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளால் ஆராயப்படுகிறது. கட்டியிலிருந்து பரவும் வேதிப்பொருளின் செறிவை நோக்கிக் குழாய்ச் செல்கள் நகர்வதைக் கணித்து, எங்கே கிளை முளைக்கும் என்பதை ஆய்வகச் சோதனையோடு ஒப்பிடுகிறார்கள்.

மருத்துவம் நாடும் மாணவர் கணிதத்தையும் உயிரியலையும் சேர்த்தே படிக்கும் பிரிவு நம் பள்ளிகளில் இருக்கிறது. பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்குமுன் இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் கட்டுரை ஒன்றைத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
நாமக்கல்.